ரம்பை போட்ட சொக்லட்

என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டுக் குசினியில் வேலை செய்கிறாள். நான் கற்பிட்டியில் படகு ஓட்டுகிறேன். களப்பைத் தாண்டி உச்சமுனைக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்குவது தொழில். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். சமைக்கிறது யார் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, முறைத்துப் பார்ப்பேன்.

இந்த வருடம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிற நேரம். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது போனில் அவள் குரல் பதிவு ஒன்று வந்து கிடந்தது. விருந்தாளிகள் வந்தால் அந்த வீட்டு மேடம் அவளைக் கொண்டு ஒரு சொக்லட் உருண்டை செய்விப்பாளாம். பேர் ட்ரஃபிள். எனக்கு ட்ரபிள் என்றுதான் கேட்டது. படத்தையும் அனுப்பியிருந்தாள். உள்ளதைச் சொன்னால், வெள்ளிக் கிண்ணத்தில் ஆட்டுப் புழுக்கையை அடுக்கி வைத்த மாதிரி இருந்தது.

"சிரிக்காதீங்க மச்சான்," என்று தொடங்கியது அடுத்த பதிவு. உச்சமுனையில் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடி விளையாட வருகிறார்கள் அல்லவா, அங்குள்ள ஒரு விடுதிக்காரரிடம் இந்த உருண்டையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் எடுப்பதாகச் சொன்னால் அவள் மறுபடி கையெழுத்து வைக்க மாட்டாள். வீட்டிலிருந்தே செய்து கொடுப்பாள். "சரிவந்தா நான் வாறன்" என்று பதிவு முடிந்தது. அந்தக் கடைசி வசனத்தை எத்தனை தரம் போட்டுக் கேட்டேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

செய்முறையும் அவள் வாயாலேயே வந்தது. மேடம் வீட்டில் கிறீம் ஊற்றுவார்களாம். எங்கள் ஊரில் தேங்காய்க்கு என்ன பஞ்சம்? தண்ணீர் விடாமல் பிழிந்த முதல் பாலை எடுக்கச் சொன்னாள். அதைச் சூடாக்கி, வாசனை இலையைப் போட்டு மூடி வைத்து, பிறகு வடித்து, சீவிய சொக்லட்டில் ஊற்றிக் கிளற வேண்டும். பிரிட்ஜில் வைத்து இறுகியதும் உருட்டிக் கொக்கோத் தூளில் புரட்டினால் முடிந்தது. கேட்க லேசாகத்தான் இருந்தது.

புத்தளம் டவுனுக்குப் போய் சொக்லட் கட்டி வாங்கி வந்தேன். பிஸ்மி சொல்லித் தேங்காய் துருவத் துருவலையில் உட்கார்ந்தேன். முந்தி வலை இழுத்துக் காய்த்துப்போன கை. உருட்டின உருண்டை ஒன்றாவது இன்னொன்று போல வரவில்லை. கை முழுக்க அப்பிக்கொண்டது. இதையா ஒருத்தி அந்நிய வீட்டில் நின்று வருடக்கணக்காய் உருட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அஸருக்குப் பிறகு, மேடம் தூங்குகிற நேரம் பார்த்து, அவள் போன் எடுத்தாள்.

"என்ன இலை போட்டீங்க?"

"நீ சொன்ன வாசனை இலைதான்."

"எந்த வாசனை இலை?"

"கிணத்தடியில நிக்கிற ரம்பை."

பிறகு அவள் சிரித்த சிரிப்பில் மேடம் எழும்பியிருக்க வேண்டும்.

"அல்லாஹ்வே! நான் சொன்னது மிஞ்சி மச்சான், புதினா இலை."

"மிஞ்சி சம்பலுக்குப் போடுற சாமான். அதைப் போய் எவன் இனிப்புல போடுவான்? எங்கட வீட்டுல வாசனை இலையெண்டா ரம்பைதானே."

"சரி, சரி. எப்பிடி மணக்குது?"

"பெருநாளைக்கு நெய்ச்சோறு இறக்கக்குள்ள எங்கட குசினி மணக்குமே, அப்பிடி."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் ரம்பை இல்லை, அந்த மணமே மறந்துபோச்சு என்றாள். பிறகு, "ஒண்டை வாயில போடுங்க, நான் கேட்டுக்கிட்டு இரிக்கிறன்," என்றாள்.

போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டேன். முதலில் கசப்பு, பிறகு தேங்காய்ப்பால், கடைசியில் எங்கள் பெருநாள் காலை. நல்லாயிருக்கு என்று சொல்லாமல் இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. மிஞ்சி வேண்டாம், அதையே கொண்டு போங்க என்று அவளே சொன்னாள்.

இன்னொரு தரம் ரம்பை போட்டே செய்து, மீன் மணம் படாத புதுப் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோனேன். சோளகக் காற்று படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பெட்டியைக் காலுக்கு இடையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். விடுதிக்காரர் ஒன்றைச் சாப்பிட்டுக் கண்ணை மூடினார். "இது எங்கயும் இல்லாத ருசி" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவள் வந்து இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. மிச்சத்தைத் தட்டில் அடுக்கி, ஓலைக் கொட்டிலில் மேசை மேல் வைத்தார். வெள்ளைக்காரர்கள் தண்ணீரிலிருந்து ஏறி வரட்டும் என்று.

அவர்கள் ஏறி வருவதற்குள் உருண்டைகள் தட்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுக்கச் சேறாகிவிட்டது. விடுதிக்காரர் நல்ல மனுசன். "ருசியில குறையில்ல நாநா. மேசையில நிக்காத சாமானை நான் எப்பிடி விக்கிற?" என்றார்.

கரைக்கு வந்து படகைக் கட்டிவிட்டு மணலில் நின்றே போன் எடுத்தேன். எல்லாம் சரிவந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வந்துவிடுவாள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வந்தவளை அந்தத் தட்டின் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"உருகிட்டுது," என்றேன்.

"ஓம்."

அவ்வளவுதான் சொன்னாள். அங்கே குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"உருகினா உருகட்டும். சொக்லட்டும் வேணாம், ஒண்டும் வேணாம். நீ வா."

குழாய் நின்றது.

"கற்பிட்டி வெயில் எனக்குத் தெரியாதா மச்சான்? அது உருகுமெண்டு தெரிஞ்சுதான் செய்யச் சொன்னன். சொக்லட்டைப் பாக்காம, சும்மா வா எண்டு சொல்லுவீங்களா எண்டு பாக்கத்தான். ஒவ்வொரு நாளும் பாத்தன், நீங்க சொல்லல்ல." மூக்கை உறிஞ்சினாள். "மேடம் பேப்பரோட வந்து நிண்டா. இண்டைக்குக் காலையில கையெழுத்து வெச்சிட்டன்."

இப்போதெல்லாம் அவள் போன் எடுத்தால், ஸலாம் சொன்ன கையோடு நான் சொல்வது "வா" என்பதுதான். அவள் சிரிக்கிறாள். "இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கே," என்கிறாள். மறுநாளும் சொல்கிறேன்.