நஜ்முன் நிஸாவின் இடது கால்

நிஸாவின் விரல்கள் கறுப்புத் துணியின் கைமடிப்பில் வெள்ளி நூலை ஏற்றி இறக்கின. கோணலாகப் போன இரண்டு தையலைப் பிரித்துத் திரும்பவும் போட்டன. ஆமினா உம்மாவின் மருமகளாக வரப்போகிறவளுக்கான அபாயா அது. போன வருடம் அதே மகனுக்கு நஜ்முன் நிஸாவின் மகள் அம்ராவைப் பேசிவிட்டு, ஆனைக்கால் வீடு என்று விலகிக்கொண்டவர் ஆமினா உம்மா. வாங்கிப்போக அவர் இந்த வாசலுக்கு வந்தாக வேண்டும் என்பதற்காகவே நிஸா இந்தத் தையலை ஒப்புக்கொண்டாள்.

அம்ராவைச் சுமந்தபோது இடது கால் தொடையிலிருந்து வீங்கியது. கிளினிக்கில் பார்த்தவுடன் யானைக்கால் என்றார்கள். இரத்தத்தில் கிருமி ஒருமுறையும் அகப்படவில்லை. மாத்திரை மட்டும் நிற்கவில்லை. கிண்ணியாவில் அவள் பெயரே ஆனைக்கால் நிஸா ஆனது. வெள்ளிதோறும் அளவுநாடாவால் இரு கால்களையும் அளந்து கொப்பியில் எழுதினாள். பத்தொன்பது வருடம் அதை எவரும் திறக்கவில்லை.

இந்த வருடம் வந்த புது டொக்டர் திறந்தார். ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்டார். எடுத்ததில்லை. எடுத்துப் பார்த்தபோது அடிவயிற்றுக்குள், காலின் இரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளம் நசுங்கி ஒடுங்கியிருந்தது. கண்டியில் முழங்காலுக்குப் பின்னால் ஊசித்துளை போட்டு மெல்லிய குழாயை ஏற்றி, பலூனை ஊதி நாளத்தை விரித்தார்கள். மறுபடி ஒடுங்காதிருக்க வலைக்குழாய் ஒன்றையும் வைத்தார்கள். வெட்டவுமில்லை, தைக்கவுமில்லை. இரண்டாம் மாதம் இரு கால்களின் சுற்றளவுக்கும் இருந்த பன்னிரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம் மூன்றாகியது. இவ்வளவு சின்ன வைத்தியத்துக்கா பத்தொன்பது வருடம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆமினா உம்மா வந்தார். கால் வற்றியது அல்லாஹ்வின் கிருபை என்றார்.

"மூதூரில இருந்து அம்ராவக் கேட்டிருக்காங்க, மாமி. உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள்தான், உங்களிட்டத்தான் விசாரிப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"நல்லதத்தான் சொல்லுவன், புள்ள."

"நல்லது வேணாம். உள்ளதச் சொல்லுங்க. இரத்தக்குழாய்தான் ஒடுங்கினது, ஆனக்கால் இல்ல எண்டு. இப்பவே கோல் எடுத்துச் சொல்லுங்க."

வீட்டுக்குப் போய் எடுப்பதாக ஆமினா உம்மா சொல்லிப் பார்த்தார். நிஸா அபாயாவை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"பத்தொம்பது வருசம் நான் பொறுத்தன். நீங்க ஒரு கோலுக்குப் பொறுக்க ஏலாதா?"

ஆமினா உம்மா கதிரையில் உட்கார்ந்து போனில் மூதூருக்கு எடுத்தார். இரத்தக்குழாய் என்ற சொல்லில் தடுமாறினார். நிஸா திருத்தினாள், அவர் திரும்பச் சொன்னார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "இல்ல, அது நாங்க பிழையாச் சொன்னது" என்றார்.

அதன்பிறகு நிஸா கடைசி நூலை அறுத்து, அபாயாவை மடித்து, இரண்டு காலாலும் எழுந்து நின்று அவர் கையில் கொடுத்தாள்.