சாப்பிட்டவரைக் கேட்டவர்

ஆர்.கே.பேட்டை ரேவதிதான் போன் செய்தாள். "சார், சுகுணாக்கா போயிட்டாங்க சார்." காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். பல வருஷம் என் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவரின் சாவு எனக்கு ரேவதி சொல்லித்தான் தெரிந்தது. அதில் என் வெட்கம் ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

திருத்தணியில் எங்களுடையது சின்ன வேலைவாய்ப்பு நிலையம். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கணினி சொல்லும். அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். அது சொன்னதைப் போனில் ஆட்களுக்குச் சொல்பவர் சுகுணா. மணவூர்க்காரர் ஒருவரை, வரைபடத்தில் பக்கம்தானே என்று, பஸ்ஸே போகாத ஊருக்கு அது அனுப்பியது. நான் வரைபடத்தைத் திட்டினேன். சுகுணாவோ அன்றிலிருந்து, வேலைக்குப் போன ஒவ்வொருவரையும் பத்தாம் நாள் கூப்பிட்டு, "வேல எப்படிங்க இருக்குது?" என்று கேட்டு எழுதி என் மேசையில் வைக்க ஆரம்பித்தார்.

"எல்லாரையும் எதுக்கும்மா நோண்டிகினு இருக்கீங்க?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். சிரித்தார். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பது. "சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாடி நாங்க ருசி பாக்கக் கூடாதுங்க. உப்பு சரியான்னு பிரசாதம் சாப்புட்டவங்களத்தான் கேக்கணும். நீங்களும் சாப்புட்டவங்களக் கேளுங்க சார்."

ரேவதி வேலை பார்த்த விசைத்தறிக் கூடத்தை மூடிவிட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்கு அவள் போனை வீட்டில் வைத்துவிட்டுக் காவடி எடுத்து மலைக்கு நடந்தாள். அன்றைக்குத்தான் தையல் கம்பெனி வேலை வந்தது. மூன்று தடவை போன் எடுக்காவிட்டால் 'விருப்பமில்லை' என்று குறித்துக்கொள்ளும்படி நான் புரோகிராமில் எழுதியிருந்தேன். வேலை இன்னொருவருக்குப் போனது. ரேவதி வந்து அழுதாள்: "காவடி எடுத்தும் சாமி என் வேலய புடுங்கிக்கிச்சேக்கா."

"சாமி இல்லம்மா, நாங்கதான்" என்றார் சுகுணா.

அதோடு விடவில்லை. வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, ஊரே படிக்கும்படி அந்தத் தவறை எழுதினார். கடை வாசலில் எவனாவது கத்தரிக்காய் சொத்தை என்று எழுதிவைப்பானா? நான் குதித்தேன். "மறைச்சா அடுத்தவங்களுக்கும் இதேதான் நடக்கும் சார்" என்றார். அந்த விதியை நான்கு முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கோளாறு கிளம்பியது. ஒவ்வொன்றும் பலகைக்குப் போனது. கடைசியில், போன் எடுக்காதவர்களை, வீட்டுக்கு ஆள் போய்ப் பார்க்காமல் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை என்று முடிவானது. ரேவதிக்கும் நல்ல வேலை அமைந்தது. பலகையைப் படித்தவர்கள் ஓடிவிடவில்லை. "எனக்கும் இந்த மாதிரி ஆச்சுங்க" என்று மாடி ஏறி வந்து சொன்னார்கள். புரோகிராம் திருந்தியது அவர்களால்தான்.

போன மாதம் என் புதுத் தவறு ஒன்றைச் சுகுணா பலகையில் எழுதினார். எனக்குக் கோபம், வாக்குவாதம். மறுநாள் அவர் வரவில்லை. மூன்று தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. ரோஷம் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவள் ரேவதி.

அதைப் பலகையில் என் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். அவர் நினைவுக்காக வந்திருக்கும் நீங்களெல்லாம் ஏறி வரும்போது படித்திருப்பீர்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சாக்குக்கட்டியும், பத்தாம் நாள் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கமும்தான். நேற்று அவருக்கே பத்தாம் நாள். பழக்கதோஷத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டேன்.