கடைசியாக வெர்னா வருவாள்

வெர்னா பெல்டியரிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் எங்கள் ஊரில் குறைவு. பள்ளி உணவுக்கூடத்தில் கரண்டி பிடிப்பவள் அவள். பிள்ளைகளின் தட்டில் மக்ரோனியும் கொத்துக்கறியும் போடும்போதே, "நேத்து எப்படா தூங்கின? கண்ணு ரெண்டும் உள்ள போய்க் கிடக்கு," என்று விசாரணை நடக்கும். பொய் சொன்ன பையனுக்கு பட்டாணி இரண்டு கரண்டி கூடுதலாக விழும். ஊரில் பாதிப்பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அதனால் நாற்பது வயதுக்காரனையும் அவள் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

குளிர்காலத்தில் சனிக்கிழமைதோறும் அவள் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போவாள். யாரும் கேட்டு அவள் செய்யவில்லை, யாரும் தடுத்ததுமில்லை. நியூ ஹாம்ஷயரின் இந்த வடகோடியில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகள் பெற்றவர்களின் உயிரை எடுத்துவிடும். தட்டு மாதிரி அகலமான பனிச்செருப்பைக் கட்டி, ஒரு குடுவை கொக்கோவைக் கொடுத்து வெர்னாவோடு அனுப்பிவிட்டால், சாயங்காலம் சாப்பிட்ட கையோடு தூங்கிப்போகும். பெரியவர்கள் ஓரிருவர் துணைக்குப் போவோம். என் மகள் மேவ் போவதால் நானும் போவேன்.

புதுப் பனியில் முதலில் நடப்பவர் பாடுதான் பாடு. முழங்கால் ஆழத்தை மிதித்து மிதித்து வழி போட வேண்டும்; பின்னால் வருகிறவர்களுக்கு அது ராஜபாட்டை. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் களைத்தால், வழியைவிட்டு ஓரமாக ஓரடி விலகி நின்றுகொள்வார். வரிசை அவரைக் கடந்து போகும். கடைசியில் அவர் சேர்ந்துகொள்வார். அடுத்தவர் வழி போடுவார். சின்னப் பிள்ளைக்கும் இந்த முறை உண்டு. நாலு தப்படி போட்டாலும் போட்டதுதான்.

எங்கள் வரிசையில் கடைசி இடம் வெர்னாவுடையது. ஓரமாக நிற்கும் பிள்ளை அவளுக்கு முன்னால்தான் சேர வேண்டும். அவளுக்குப் பின்னால் யாரும் நடக்கக் கூடாது. முதல் ஆண்டு நான் கேட்டேன், நன்றாக வழி தெரிந்தவள் முன்னால் போனால் என்ன என்று.

"முன்னால போறவனுக்கு மலை தெரியும். பின்னால போறவளுக்குத்தான் பிள்ளைங்க தெரியும்," என்றாள். "முகத்தைப் பார்த்தா எல்லாம் நல்லாருக்கேன்னுதான் சொல்லும். நடையைப் பாரு க்வென், அது பொய் சொல்லாது."

அவள் சொன்னது சரிதான். எந்தப் பிள்ளைக்குக் கால் மரத்துவிட்டது, எது அழுகையை அடக்கிக்கொண்டு நடக்கிறது என்று பின்னாலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். கண்கொத்திப் பாம்பு தோற்றுவிடும். இத்தனை ஆண்டுகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு விரல்கூடக் கெட்டதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்; வெர்னாவுக்குச் சறுக்கும் என்று மட்டும் யாரும் நினைத்ததில்லை.

அந்த ஆண்டு பனி அளவுக்கு மீறி விழுந்தது. மேல்மலையில் இளம் ஊசியிலை மரங்கள் முழுக்க மூடிக்கொண்டன. அப்படி மூடிக்கொண்ட மரத்தைச் சுற்றி, கிளைகளுக்கு அடியில், பனி இறங்காமல் வெற்றிடம் நிற்கும். மேலே பார்த்தால் தரை மாதிரி வழவழவென்று இருக்கும். கால் வைத்தால் ஆளை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டு, மேல்பனி சரிந்து மூடிவிடும். மரக்குழி என்போம். பெரியவர்களே விழுந்து, பனிச்செருப்பு கிளையில் மாட்டிக்கொண்டு, ஏற முடியாமல் செத்திருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை பிக்கெட் மலைக்குப் போனோம். முன்னால் ப்ரென்ட் லாரோஷ். மரம் வெட்டுகிறவன், எருது மாதிரி உடம்பு. அவனுடைய மகள் ஹாட்டிக்கு எட்டு வயது. குளிர்காலத்தில் உச்சி தொட்ட பிள்ளைக்கு பையில் தைத்துக்கொள்ளத் துணிமுத்திரை ஒன்று தருவது வழக்கம். ஹாட்டி அதற்காகப் போன குளிர்காலமே கிளம்பி, பாதியில் குதிகால் புண்ணாகித் திரும்பியவள். இந்த முறை எப்படியும் தொட்டுவிட வேண்டும் என்று அப்பனுக்கு மகளைவிட ஆசை.

காலையிலிருந்தே எனக்கு அந்த மலை பிடிக்கவில்லை. உச்சியில் மேகம் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருந்தது. பாதிவழியில் நாங்கள் நிற்கும் இடத்தில் எப்போதும் சாம்பல் நிறக் குருவிகள் வந்து கையிலிருந்தே ரொட்டியைக் கொத்திக்கொண்டு போகும். அன்று ஒன்றுகூட வரவில்லை. பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கை விறைத்ததுதான் மிச்சம்.

"எங்க போச்சுங்க எல்லாம்?" என்றாள் மேவ்.

"புத்தி இருக்கறதுங்க வீட்ல இருக்குதுங்க," என்றாள் வெர்னா. அவள் சிரிக்காமல் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே போகப்போகக் காற்று எழுந்தது. மரங்கள் குட்டையாகின. பிள்ளைகள் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பார்த்து நடந்தார்கள். வழி போடும் முறை ஹாட்டிக்கு வந்தது. அவளுக்குப் பின்னால் ப்ரென்ட், அவனுக்குப் பின்னால் மேவ், நான். அந்த நேரம் பார்த்து மேவின் பனிச்செருப்பில் வார் அறுந்தது. கம்பியும் கயிறும் எப்போதும் வெர்னாவின் பையில்தான் இருக்கும்.

"வெர்னா! கயிறு கொண்டாங்க!" என்று ப்ரென்ட் கத்தினான்.

நின்ற பிள்ளைகளை ஒட்டி உரசிக்கொண்டு அவள் மேலே வந்தாள். பல்லில் கம்பியைக் கடித்துக்கொண்டு வாரைக் கட்டி முடித்தாள். முடித்தவள் கீழே போகாமல் நிமிர்ந்து ப்ரென்டைப் பார்த்தாள்.

"போதும் ப்ரென்ட். திரும்பிருவோம்."

"இன்னும் கொஞ்ச தூரம்தான் வெர்னா! மரம் முடியற இடத்துக்கு வந்துட்டோம்."

"மரம் முடிஞ்சா காத்து ஆரம்பிக்கும். அது பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போயிரும்."

"நீங்க வேற, சின்ன வயசுல எனக்குப் பட்டாணி போட்டே பயமுறுத்தின ஆளு. ஹாட்டி, முடியலையாம்மா? ஓரமா நில்லு, அப்பா வழி போடறேன்."

ஹாட்டி ஓரமாக விலகி நின்றாள். ப்ரென்ட் நடந்தான். வெர்னா விடவில்லை, அவன் முதுகைப் பார்த்துத் திட்டிக்கொண்டே பின்னால் போனாள். ஹாட்டியைக் கடக்கும்போது அவள் தலைக்குல்லாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனதை நான் பார்த்தேன். மேவ் போனாள், நான் போனேன், மற்றப் பிள்ளைகள் போனார்கள். வால்பக்கத்தில் வந்தவன் காலின் என்ற பெரிய பையன். காற்றுக்கு முகத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டு வந்தான்.

இருபது ஆண்டாக ஓரமாக நிற்கும் பிள்ளையை வெர்னா வந்து சேர்த்துக்கொள்வாள். எங்களுக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிவிட்ட விஷயம். கடைசியில் வெர்னா இருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்த வெர்னாவுக்கேகூட அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

கடைசி மரங்களைத் தாண்டியதும் காற்று ப்ரென்டையே முழங்காலில் உட்காரவைத்தது. அவன் கையைக் காட்டினான், திரும்பலாம் என்று. வெர்னா கடைசி இடத்துக்குப் போவதற்காகத் திரும்பி வரிசையைப் பார்த்தாள். மேவ், நான், பிள்ளைகள், காலின். காலினுக்குப் பின்னால் வெறும் பனி பறந்துகொண்டிருந்தது.

"ஹாட்டி எங்க?"

"உங்ககூடத்தானே வரா?" என்றான் ப்ரென்ட்.

வெர்னாவின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ப்ரென்ட் பெயரைக் கத்திக்கொண்டே கீழே பாய்ந்தான். வெர்னா அவன் பையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓடாத! நீ ஓடினா அடையாளம் அத்தனையும் அழிஞ்சுரும். நான் முன்னால போறேன். எல்லாரும் வழியிலயே வாங்க. ஒருத்தன் ஓரத்துல கால் வெச்சான்னா, காலை முறிச்சுருவேன்."

"அவ என் பொண்ணு வெர்னா!"

"தெரியும். அதான் நடன்னு சொல்றேன்."

எங்களோடு வந்த நாள்முதல் வெர்னா வரிசையில் முதலாவதாக நடந்தது அன்றைக்குத்தான். பாதையோரத்தில் பிள்ளைகள் விலகி நின்ற இடங்கள் ஒவ்வொன்றும் மிதிபட்டுப் பள்ளமாகத் தெரியும். ஒரு தடம் வெளியே போகும், ஒரு தடம் வழிக்குத் திரும்பி வரும். அந்தத் தடங்களைத்தான் தேடினாள். காற்று அவளுக்கு முந்திக்கொண்டு அவற்றை நிரப்பிக்கொண்டிருந்தது. பனிப்புழுதி பறந்ததில் எது எந்த இடம் என்று எனக்குக் குழம்பிவிட்டது. ப்ரென்ட் என் முன்னால் நடந்தான். ஏதோ முணுமுணுத்தபடி இருந்தான். பிறகு புரிந்தது, கடவுளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தான். அத்தனை பிள்ளைகள் அப்படிச் சத்தமில்லாமல் நடந்து நான் கண்டதில்லை.

ஒரு வளைவில் வெர்னா நின்றாள். தடம் ஒன்று ஓரமாகப் போயிருந்தது. அங்கிருந்து பின்பக்கமாக இன்னும் ஓரடி பதிந்திருந்தது. திரும்பி வரும் தடம் இல்லை. அதற்கு அப்பால் பனி துடைத்துவைத்த மாதிரி கிடந்தது, நடுவே ஒரு மரத்தின் நுனி மட்டும் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு.

ப்ரென்ட் அதை நோக்கிப் பாய்வதற்குள் அவள் குறுக்கே விழுந்தாள். "நீ இறங்கினா அவ மேலதான் விழுவ! என் காலைப் பிடிச்சுக்க. விட்டுறாத."

வெர்னா தன் பனிச்செருப்பு ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, குப்புறப் படுத்து ஊர்ந்தாள். ப்ரென்ட் அவள் கணுக்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டான். அவள் அந்தச் செருப்பையே மண்வெட்டியாக்கி, மரத்தின் பக்கவாட்டில் தோண்டினாள். மேலிருந்து தோண்டினால் பனி உள்ளே சரியும் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் தோண்டினாளோ. "ஹாட்டி" என்று கூப்பிடுவாள், காதை வைப்பாள், தோண்டுவாள். பதில் இல்லை. நான் மேவின் முகத்தை என் வயிற்றோடு சேர்த்து மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன்: என் பிள்ளை இல்லை, நல்லவேளை, என்று நினைத்தேன்.

கிளை ஒன்று விடுபட்டுத் துள்ளியது. அதற்கடியில் இருட்டான பொந்து. வெர்னா தலையை உள்ளே விட்டாள். பிறகு தோள்வரைக்கும் போனாள். கையுறைகளைக் கழற்றி வெளியே எறிந்தாள். வெறுங்கையால் வாரை அவிழ்க்கிறாள் என்று புரிந்தது. உயிரோடு இருக்கிறவளின் காலில்தான் அவிழ்க்கிறாளா என்று மட்டும் புரியவில்லை.

"இழு!" என்று பொந்துக்குள்ளிருந்து கத்தினாள். ப்ரென்ட் இழுத்தான். நான் அவனை இழுத்தேன். காலின் என்னை இழுத்தான்.

ஹாட்டி வந்தாள். உதடு நீலம். புருவமெல்லாம் பனி. கண் திறந்திருந்தது, அது எங்களைச் சுற்றிப் பார்த்தது. ப்ரென்ட் அவளை வாங்கித் தன் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதான். வெர்னா ஈர உடையை மாற்றச் சொல்லி, உலர்ந்த சட்டையைப் போட்டு, கொக்கோவை மூடியில் ஊற்றித் துளித்துளியாகக் கொடுத்தாள். அவள் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துப்போயிருந்தன. அதை அவள் பார்க்கவேயில்லை.

ஹாட்டிக்குப் பல் கிட்டுவது நின்றதும் வெர்னா வழக்கம்போல ஆரம்பித்தாள். "ஏன்டி, வாய் என்ன வாடகைக்கா விட்டிருந்த? அத்தனை பேர் பக்கத்துல நடந்து போறோம், ஒரு சத்தம் போடறதுக்கென்ன? வீட்ல கூரை பறக்கக் கத்துறவதானே நீ?"

ஹாட்டி மூடியைக் கீழே இறக்கினாள்.

"காலின் போறது கேட்டுச்சு," என்றாள். "அவன் மூக்கை உறிஞ்சிக்கிட்டே போனான். கத்தலாம்னுதான் இருந்தேன். வாயைத் திறந்தா பனி உள்ள வந்துச்சு. கடைசியா நீங்க வருவீங்கல்ல? அதான், நீங்க வந்ததும் கத்திக்கலாம்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். அப்புறம் யாருமே வரல."

வெர்னா குடுவையை மூடினாள். திருகு சரியாக விழாமல் திரும்பத் திரும்ப மூடினாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, துணியவில்லை.

ப்ரென்ட் மகளை முதுகில் போட்டுக்கொண்டான். வரிசை கீழே இறங்கியது. அவனை எல்லாருக்கும் பின்னால் விட்டு, அவனுக்கும் பின்னால் வெர்னா நடந்தாள். கொஞ்ச தூரம் போயிருப்போம்.

"ஹாட்டி," என்று அவள் குரல் கேட்டது. "கத்து."

"எதுக்கு?"

"சும்மா கத்துடி."

அப்பன் தோளிலிருந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"கேக்கல. நான் வரலைன்னு நெனச்சுக்கோ. எங்கயுமே நான் இல்லைன்னு நெனச்சுக்கிட்டுக் கத்து."

ஹாட்டி கத்தினாள். பிறகு இன்னும் பலமாக. பிறகு அழுகையும் சேர்ந்துகொண்டது, அவளுக்கும் எங்களில் பலருக்கும். கீழே வண்டிகள் நிற்கும் இடம்வரை அந்தப் பிள்ளை கத்திக்கொண்டேதான் வந்தது. வெர்னா ஒருமுறைகூடப் போதும் என்று சொல்லவில்லை.