நாலு மணிக்கூடும் என் இடது கையும்

புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய வாரமே எனக்கு மூளையில் ஏதோ நடந்துவிட்டது என்று முடிவு செய்தேன். காரணம், வருடக்கணக்காக நான் விளையாடிவரும் ஒரு பழைய கார் ரேஸ். பழைய கம்ப்யூட்டரில் தேநீர் குடித்துக்கொண்டே திரும்பிய வளைவு அது. இப்போது இடப்பக்கம் அழுத்துகிறேன். கார் அசையாமல் நிற்கிறது. அடுத்த கணம் மதிலுக்குள் தலையைக் கொடுத்தபடி கிடக்கிறது. இடையில் நடந்ததை நான் காணவே இல்லை. ஐம்பதைத் தாண்டியவனுக்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

குளியலறைக் கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் தூக்கி, வாய் கோணுகிறதா என்று சிரித்துப் பார்த்தேன். பாரிசவாதத்துக்கு அதுதான் சோதனை என்று எங்கோ வாசித்திருந்தேன். யாரிடமோ சரணடைந்தவன் மாதிரி இளித்துக்கொண்டு நின்ற என்னிடமிருந்து மனைவி விஷயத்தைக் கறந்துவிட்டாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை: ஏழரைச் சனி. சனிக்கிழமை வெள்ளவத்தைக் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, நெற்றியில் திருநீறு காயுமுன் வந்து விளையாடிப் பார்த்தேன். மதில் எனக்காகக் காத்திருந்தது.

காலி வீதி நெரிசலில் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, ஆட்டோவில் டொக்டரிடம் போனேன். முழங்காலில் தட்டினார், கண்ணுக்குள் லைட் அடித்தார்.

"ரோட்டிலையும் எங்கையாவது இடிச்சனீங்களோ?"

"இல்லை டொக்டர். கம்ப்யூட்டரிலை மட்டுந்தான்."

பேனையை மூடி வைத்தார். "அப்ப கம்ப்யூட்டரையெல்லோ கூட்டிக்கொண்டு வந்திருக்க வேணும்."

ஏதோ பாரதூரமான நோயைப் பகிடியால் மறைக்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். வரும் வழியில், என் காரை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து மனைவியின் தம்பி வந்தான். கோட்டையில் ஒரு கந்தோரில் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவன். இந்த ரேஸில் என் பரம எதிரி. ஒரு சுற்றுக்குக் கூப்பிட்டான்; இடது கை நோகிறது என்று மழுப்பினேன். அவனுடைய அக்கா எள்ளெண்ணெய் உட்பட எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டாள். அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டினான். அவனுடைய காரும் துள்ளிப்போய் அதே மதிலில் முட்டியது.

"அத்தான், எனக்கும் சேர்த்து எரிச்சிருக்கலாமே."

பிறகு விளக்கினான். பழைய கம்ப்யூட்டருக்குள் வேலை செய்தது ஒரே புரொசசர், அதாவது ஒரே ஆள். புதியதற்குள் நாலு பேர். ஆளுக்கொரு மணிக்கூடு, ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அந்த நாலு பேரும் மாறி மாறித்தான் விளையாட்டை ஓட்டுகிறார்கள். பழைய விளையாட்டுக்கு அது தெரியாது. தன்னை ஓட்டுகிறவனிடம் நேரம் கேட்டு, அதற்கேற்பக் காரை நகர்த்துகிறது. நாலு சித்தப்பாமார் நாலு மணிக்கூட்டைப் பார்த்து முகூர்த்தம் சொன்னால் தாலி எப்போது ஏறும்? திரையில் ஒரு பட்டியலைத் திறந்து, இந்த விளையாட்டுக்கு ஒரு ஆள் போதும் என்று மற்ற மூன்று பேருக்கும் எதிரே இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டான்.

கார் வெண்ணெயில் வழுக்குவது போல வளைவில் திரும்பியது. கையும் சுகம், மூளையும் சுகம். மனைவியிடம் அதை இரண்டு தரம் சொன்னேன்.

அந்தச் சந்தோஷத்தில் அவனைப் போட்டிக்கு இழுத்தேன். அவன் வென்றான். திரும்பவும் வென்றான். பின்னால் நின்ற மனைவி, "இப்ப கையிலை ஒரு நோவும் இல்லைத்தானே?" என்று அக்கறையாக விசாரித்தாள்.

நான் தாழ்ந்த குரலில் சொன்னேன்: "மச்சான், அந்த மற்ற மூண்டு பேரையும் ஒருக்கா உள்ளுக்கு விடு, பாப்பம்."