அப்பா வார்த்த தண்ணீர்

சென்ற ஆண்டு ஆனி மாதம் 14ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி ஐம்பது நிமிடம். அந்த நேரத்தை இவ்வளவு துல்லியமாக நான் நினைவில் வைத்திருப்பதற்கு, அப்போது நான் சொன்ன ஒரு சொல்லே காரணம்.

குறிகட்டுவான் இறங்குதுறையில், நெடுந்தீவுக்குப் புறப்படவிருந்த படகில் அப்பாவை ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் நாங்கள் இருவர் மட்டுமே போனோம். அப்பாவின் வலக்கால் படகின் விளிம்பைத் தொடும். மறுகணமே தானாக விலகித் துறைக்குத் திரும்பிவிடும். தோள் ஒரு பக்கம் துள்ளும், கை வேறொரு பக்கம் போகும். மூன்றாவது முயற்சியில் படகுக்காரர் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்து உள்ளே இறக்கினார். அவர் அப்பாவின் ஊரவர், நன்கு தெரிந்தவர்.

“என்ன மாஸ்டர், விடியவே ஏத்திப்போட்டோ வந்தனீங்கள்?” என்று குடிப்பதுபோலப் பெருவிரலை வாயருகே சாய்த்துச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள்.

“ஓம் அண்ணை, கொஞ்சம் பார்த்துப் பிடியுங்கோ” என்றேன்.

அப்பா தம் வாழ்நாளில் ஒரு துளி மதுவும் அருந்தாதவர்.

அவருக்கு இருப்பது ஹன்டிங்டன் நோய். மூளையைச் சிறிது சிறிதாகப் பாதிக்கும் பரம்பரை நோய் அது. கை கால்கள் தாமாக அசையும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்கான வாய்ப்புச் சரிபாதி. அந்தச் சரிபாதியில் நானும் நிற்கிறேன். நெடுந்தீவிலிருக்கும் அப்பாவின் தங்கையான என் மாமியும் நிற்கிறார். வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னபோது, அப்பா குடிக்கிறார் என்று ஊர் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருந்தது. அதை மறுக்காமல் விட்டுவிடுவோம் என்று மாமி சொன்னார். இரண்டு வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருந்தோம்; பரம்பரை வருத்தம் என்று தெரிந்தால் கலியாணப் பேச்சு வாசலுக்கும் வராது. அப்பாவும் தலையசைத்தார். கவராயம் இல்லாமலே கரும்பலகையில் வட்டம் கீறும் கணித ஆசிரியராக இருந்தவர், எங்களுக்காகத் தம் பெயரைக் கொடுத்துவிட்டார். அதை ஒரு கொடை என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்று தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பலமாக இருந்தது. கரையை விட்டுச் சிறிது தூரம் போனதுமே படகு எழுந்து எழுந்து விழுந்தது. எழுந்து நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒரு அம்மாவின் கைப்பை எங்கள் மடிக்கு வந்து சேர்ந்தது. அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே மெல்லச் சொன்னார்:

“இண்டைக்கு எல்லாரும் என்னைப் போலதான் பிள்ளை.”

என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சிரிப்புக்குள்ளும், படகுக்காரருக்கு ஆமோதிப்பாக நான் சொன்ன “ஓம்” ஒரு முள்ளைப் போலக் கிடந்தது. அதை அப்பாவும் கேட்டிருந்தார்.

மாமியின் மகளுக்கு அன்று சாமத்தியவீடு, பூப்பெய்திய பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும் சடங்கு. தாய்மாமன் பாலும் அறுகும் தலையில் வைத்து முதல் தண்ணீர் வார்ப்பது எங்கள் வழக்கம். அந்தப் பிள்ளைக்கு உடன்பிறந்த தாய்மாமன் என்று அப்பா ஒருவர்தான். இரண்டு கிழமையாக, சுருவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், மாலைதோறும் அவர் செம்பில் தண்ணீர் நிரப்பி வாழையடிவரை நடந்துகொண்டிருந்தார். பாதிக்கு மேல் வழியிலேயே சிந்திவிடும். “வாழைக்கு இவ்வளவு தண்ணி வேணுமோ அப்பா?” என்று ஒருநாள் கேட்டேன். “அது வாழை இல்லை. அது என்ர மருமகள்” என்றார்.

இறங்குதுறையில் கிடைத்த ஆட்டோ மாமி வீட்டு ஒழுங்கை முகப்பில் எங்களை இறக்கியது. ஒழுங்கை நெடுகிலும் இருந்த பவளப்பாறையான முருகைக்கல்லால் கட்டிய வேலியைப் பிடித்தபடி அப்பா நடந்தார். புதிய வேட்டி, கரை போட்ட சால்வை. முற்றத்தில் கதிரை கொடுத்து இருத்தினார்கள். அவருடைய கால்கள் ஓயாமல் அசைவதைச் சபை பார்த்தது.

தண்ணீர் வார்க்கும் நேரம் நெருங்கியபோது, மாமியின் கணவருடைய தமையனார் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: “வெறியிலை நிக்கிற ஆளைச் சபையிலை விடேலாது. மாமன் முறையிலை வேறை ஆக்கள் நிக்கினம்தானே.”

மாமி என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். அப்பாவைத் தவிர அங்கே உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் இருவருந்தான். அப்பா தோளிலிருந்த சால்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அது மடிபடவில்லை, விரல்கள் ஒவ்வொரு தடவையும் அதைக் குலைத்துவிட்டன. ஆனாலும் அவர் விடாமல் மடித்துக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் கேள்வி கேட்பதற்கே இரண்டு நாள் யோசிப்பவள் நான். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

“அப்பா குடிக்கிறேல்லை. ஒருநாளும் குடிச்சதில்லை. அவருக்கு இருக்கிறது மூளை வருத்தம். ஹன்டிங்டன் எண்டு பேர். பரம்பரையாய் வாறது. எனக்கும் வரலாம்.”

சமையல் கொட்டிலில் அகப்பை கிடாரத்தில் முட்டும் ஓசை மட்டும் கேட்டது. தடுத்துப் பேசிய அந்தப் பெரியவர் என்னை விட்டுவிட்டு மாமியைக் கேட்டார்:

“அப்ப ஏன் இவ்வளவு காலமும் குடியெண்டு சொன்னனீங்கள்?”

“குடிகாரன்ர பிள்ளையளையெண்டால் கட்டுவினம்” என்றார் மாமி. அண்ணனருகே போய், “எங்களைப் பெத்த ஐயாவையும் கள்ளுக்காரன் எண்டுதான் ஊர் சொன்னது. அவருக்கும் இதுதான். எனக்கும் வரலாம்” என்றார். அழவில்லை. அண்ணனின் மடியில் குலைந்து கிடந்த சால்வையை எடுத்து, ஒரே மடிப்பில் மடித்து, அவர் தோளிலேயே போட்டார்.

பெரியவர் அப்பாவிடம் போய்க் குனிந்தார்.

“மாஸ்டர், பிழையாய்க் கதைச்சுப்போட்டன். செம்பு தூக்க ஏலுமோ?”

“செம்பு சரிவராது” என்றார் அப்பா, சொல்லுக்குச் சொல் நிறுத்தி. “குடம் தாங்கோ. கனம் இருந்தால் கை கொஞ்சம் அடங்கும். சிந்தினாலும் மிஞ்சும். ரெண்டு கிழமை பரிசோதிச்சுப் பார்த்தனான்.”

முதலில் சிரித்தவர் பெரியவர்தான்.

கிணற்றடியில் பலகை போட்டுப் பிள்ளையை இருத்தினார்கள். பாலும் அறுகும் தலையில் பாதி, தோளில் பாதியாக விழுந்தன. பிறகு குடம் வந்தது. அப்பா அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். அடியில் பெரியவர் கைகொடுத்தார். முதல் வீச்சு பெரியவரின் பட்டுச் சால்வையை நனைத்தது. இரண்டாவது, படப்பிடிப்பாளரைத் தேடிப் போனது. அவர் கமராவைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மாட்டுக்கொட்டில்வரை ஓடினார். மூன்றாவது எனக்கு.

பலகையிலிருந்த பிள்ளை கண்ணைத் திறந்து, “மாமா, எனக்கும் கொஞ்சம் ஊத்துங்கோவன்” என்றாள்.

முற்றமே குலுங்கிச் சிரித்தது. அப்பா அதிகமாகச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கை மேலும் ஆடியது. கை ஆட ஆட எல்லோரும் மேலும் நனைந்தோம். நான்காவது வீச்சில் குடத்தில் எஞ்சியிருந்த முழுவதும் மருமகளின் உச்சந்தலையில் சரியாக இறங்கியது. அப்பா வெறுங்குடத்தைத் தலைகீழாகப் பிடித்துச் சபைக்குக் காட்டினார். விடையைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு இடும்போது அவரிடம் தெரியும் அதே முகம். அடுத்ததாகத் தண்ணீர் வார்க்க வந்த பெண்கள், தாங்கள் ஏற்கெனவே குளித்தாயிற்று என்று முறையிட்டார்கள்.

அந்த நோய் எங்களை விட்டுப் போகவில்லை, போகாது. பரிசோதனை செய்வதா என்று நான் இன்னும் முடிவெடுக்கவுமில்லை. ஆனால் நான் அஞ்சிக்கொண்டிருந்தது நோய்க்கா, அதன் பெயருக்கா என்ற கேள்விக்கு அந்தக் கிணற்றடியில் விடை கிடைத்தது. பெயர் வெளியே வந்தபின், அப்பாவோடு சேர்ந்து சிரிப்பதற்கு நிறைய இடம் இருந்தது.

மறுநாள் காலை, நெடுந்தீவு இறங்குதுறையில் அதே படகு நின்றது. அப்பாவின் கால் விளிம்பைத் தொட்டு விலகியது. படகுக்காரர் கை நீட்டினார்: “என்ன மாஸ்டர், சாமத்தியவீட்டு வெறி இன்னும் முறியேல்லையோ?”

“இல்லை அண்ணை” என்றேன். “அப்பா குடிக்கிறேல்லை. நேற்று நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்.” பிறகு நோயின் பெயரைச் சொன்னேன். காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படியாக.