நோட்டின் நடுப்பக்கம்

அந்த நீல அட்டை நோட்டுக்கு இரண்டு முகப்புகள். இந்தப் பக்கம் திறந்தால் பொருளாதாரம். கவிழ்த்துத் திருப்பினால் அரசியல் அறிவியல். பல்கலைக்கழகத்தில் நானும் என் தோழியும் இரண்டையும் சேர்த்துப் படித்தோம். இருவருக்கும் ஒரே நோட்டுதான். மீன் விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று நான் எழுதுவேன். அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று மறுமுனையிலிருந்து அவள் எழுதிக்கொண்டு வருவாள். நடுவில் மிஞ்சிய தாள்களில்தான் கடைசிப் பருவத்து ஆய்வு: துறைமுகம் வந்தால் எங்கள் கடற்கரை மக்கள் என்ன செய்வார்கள்?

அவள் வயல்காட்டு ஊர்க்காரி. பேனாவோடு வரும் வெளியாளிடம் எங்கள் ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மீன் விற்கும் என் அம்மாதான் அவளுக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வைத்துக் கொடுத்து, “இவ நம்ம வீட்டுப் பிள்ளதான், பயப்படாம சொல்லுங்க” என்று வீடு வீடாகக் கூட்டிப்போனாள். அம்மா சொன்னதையும் தோழியே எழுதிக்கொண்டாள்.

போன மாதம் திடீரென்று போன் செய்தாள். “மக்கா, அந்த நடுப்பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புவியா? நம்ம படிச்ச காலத்த ஒருக்கா பாக்கணும்போல இருக்கு.” எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நிழல் விழாமல் முற்றத்து வெயிலில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். என்னைப் போல மடச்சி உண்டா?

நேற்று துறைமுகத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம். மேடையில், திட்டக்காரர்களின் அதிகாரியாக அவள். “இந்த ஊர்க்காரங்களே எங்களிடம் சொன்னது” என்று அம்மாவின் பெயரைச் சொல்லி வாசித்தாள்: “போவோம்.” அவ்வளவுதான் வாசித்தாள். பெண்களெல்லாம் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா எழுந்து பேச வாயெடுப்பதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. வீடு திரும்பும் வழியில் அம்மாவோடு ஒருத்தியும் பேசவில்லை. தோழி ஏமாற்றியதைக்கூட விட்டுவிடலாம். அதற்கு என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேனே, அதுதான் ஆறவில்லை.

இன்று அம்மா சந்தைக்குப் போகவில்லை. படிக்கத் தெரியாதவள். நோட்டை என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்: “அப்பம் அவ சின்னப் பிள்ளல்லியா மக்கா? நான் சொன்னத முழுசா எழுதாம விட்டிருப்பா, இல்லியா?”

நடுப்பக்கத்தைத் திறந்தேன். அவளுடைய குண்டு எழுத்தில் ஒரு வார்த்தை விடாமல் இருந்தது: “கடலு வீட்டுக்குள்ள ஏறி வந்தா போவோம். அதுவர இந்த மண்ண விட்டு அசைய மாட்டோம்.”

‘அதுவர’ என்பதற்கு அடியில் அன்றைக்கே அவள் இரண்டு கோடு போட்டிருந்தாள்.