கையில் ஈரம் என்றார்கள்

எழுபதுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏழடிக்கு மேல் நீளம். படுக்க வைத்தால் நாலு பேர் காலை வாரிவிடும், நிமிர்த்தினால் பஸ் கூரையை இடிக்கும். ஜன்னல் ஓரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். “இன்னாம்மா, வேலைத் தூக்கினு எங்க போற? வடபழனிக்கா?” என்று கண்டக்டர் கேட்பார். பஸ்ஸே சிரிக்கும். நான் சிரிக்கமாட்டேன். எனக்கு அப்போதே மூக்கின் மேல் கோபம். ஆனால் இப்போது சொல்லப்போகிற கோபம் அந்த ரகம் இல்லை. இது இத்தனை வருஷம் கழித்தும் ஆறவில்லை, ஆறவேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

அப்போது அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எங்காத்துப் பொண்ணு கம்ப்யூட்டர் படிக்கறா” என்பார். அது என்ன என்று அவருக்கும் தெரியாது, வந்தவருக்கும் தெரியாது. ஒரு மாமி அது ஜாதகப் பொருத்தம் பார்க்குமா என்று கேட்டாள். அதே அப்பா ஈட்டியைப் பற்றி வெளியாரிடம் மூச்சு விடமாட்டார். அது கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். யாராவது வந்தால் ஒரு வேட்டியை எடுத்து அதன் மேல் போட்டு மறைப்பார்.

“வெயில்ல கறுத்துப் போயிட்டே. தோளைப் பாரு, ஆம்பள தோள் மாதிரி. நாளைக்கு எவன் வந்து பொண் கேப்பான்?” என்பார் என்னிடம்.

போகாதே என்று மட்டும் சொல்லமாட்டார். சொன்னால் நான் போவேன் என்று அவருக்குத் தெரியும்.

காலையில் எலியட்ஸ் கடற்கரை மணலில் ஓட்டம். அங்கிருந்து கல்லூரி. சாயங்காலம் கோட்டூர் பக்கத்து மைதானத்தில் ஈட்டி. சேலைக்கு உள்ளேயே விளையாட்டு நிஜாரைப் போட்டுக்கொண்டு போய்விடுவேன்; சேலையை உருவி மடித்துப் பையில் வைத்தால் தயார். அந்த ஈட்டி, மைதானத்துப் பயிற்சி மாஸ்டருடையது. மைதானத்தில் இருந்ததெல்லாம் வளைந்து போனவை என்பதால் நல்லதாக ஒன்றை என் பொறுப்பில் விட்டிருந்தார்.

இப்போது குழந்தைகள்கூடக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துத் தட்டுகிறார்கள். அப்போது கல்லூரிக்கே ஒன்றுதான். ஏ.சி. போட்ட அறைக்குள் அது வீற்றிருக்கும், வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். மாணவர்களுக்கு உள்ளே வேலையும் கிடையாது. புரோகிராமில் ஒரு வரிக்கு ஒரு அட்டை என்று துளை போட்டு, அந்தக் கார்டுகளை வரிசை கலையாமல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஜன்னலில் ஆபரேட்டரிடம் நீட்ட வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். விடை மறுநாள் வரும். ஒரு கமா தப்பியிருந்தால் அந்த நாள் போச்சு.

எனக்கு இது சரியாகவே ஒத்துவந்தது. மற்றவர்கள் ஜன்னல் வாசலில் தவம் கிடப்பார்கள். நான் கார்டுக் கட்டைக் கொடுத்துவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவேன். எறிந்த ஈட்டியைப் பிடுங்கி வர நடக்கிறபோதுதான் புரோகிராமில் எங்கே இடறுகிறது என்று எனக்குப் பிடிபடும். எத்தனையோ தடவை மைதானத்து மண்ணிலேயே குச்சியால் எழுதித் திருத்தியிருக்கிறேன். விளையாட்டு படிப்பைக் கெடுக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு இது எந்த ஜென்மத்திலும் புரியாது. எங்கள் துறைத் தலைவருக்கும் புரியவில்லை. ஈட்டி பறக்கிற பாதையைக் கணக்கிடுவதை என் ப்ராஜெக்டாக வைத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் கேட்டேன்.

“விளையாட்டுக்கெல்லாம் மிஷினைத் தொந்தரவு பண்ணாதேம்மா” என்று சொல்லி, சரக்கு ரயில் பெட்டிகளை வரிசைப்படுத்துகிற கணக்கைக் கொடுத்தார்.

சரி என்று அதையே போட்டேன். அந்த மார்கழியில் ஒரு நாள் அப்பா சபாவிலிருந்து வந்து, பக்கத்து நாற்காலியில் என் துறைத் தலைவர்தான் உட்கார்ந்திருந்தார் என்றார். கச்சேரி முடிந்து இருவரும் கேண்டீனில் சேர்ந்து தோசை சாப்பிட்டார்களாம். “ரொம்ப நல்ல மனுஷர்” என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பொங்கல் கழிந்து கல்லூரி திறந்ததும் என் கட்டு ஓடாமல் திரும்பி வந்தது.

“கார்டு ஈரமா கீதும்மா. மிசின் இழுக்கல” என்றார் ஆபரேட்டர்.

இந்த ஊர்க் கடல் காற்றில் கார்டு உப்பிப்போவது உண்டு. அதனால் சந்தேகப்படவில்லை. எல்லாக் கார்டையும் புதிதாக அடித்துக் கொடுத்தேன். அதுவும் ஈரம் என்று வந்தது. மூன்றாம் தடவை துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, பையன்கள் எல்லோரும் இருக்கும்போதே சொன்னார்.

“காலங்கார்த்தால பீச்சுல ஓடிட்டு வேர்வைக் கையோட வந்து கார்டைத் தொடறே. மத்தவா கார்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே?”

ஒருவன் களுக்கென்று சிரித்தான். அன்றிலிருந்து நான் துளை போடுகிற மிஷின் பக்கம் போனால், பையன்கள் தங்கள் கட்டை எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

கடற்கரை ஓட்டத்தை நிறுத்தினேன். சோப்புப் போட்டுக் கை கழுவி, டால்கம் பவுடர் பூசிக்கொண்டு கார்டைத் தொட்டேன். அம்மா ஒரு யோசனை சொன்னாள் என்று ராத்திரி முழுவதும் கார்டுக் கட்டை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். அரிசி ஈரத்தை இழுத்துவிடுமாம். காலையில் ஒரு துளைக்குள் நொய் மாட்டிக்கொண்டிருந்தது, அதை ஊசியால் நெம்பி எடுத்தேன். அப்பா ஈசிசேரில் பேப்பர் படித்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை!

கட்டு மறுபடியும் ஈரம் என்று வந்தது.

“சாயந்தர ப்ராக்டீஸ் துணியெல்லாம் அதே பையிலதானே வெச்சுக்கறே?” என்றார் துறைத் தலைவர். “எதையாவது ஒண்ணை விடணும்மா. ரெண்டு படகுல கால் வெக்க முடியாது.”

பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்வானால் வடக்கே போய் எல்லா மாநிலப் பெண்களோடும் எறியலாம். அந்த வருஷம் விட்டால் எனக்கு மாணவி என்ற தகுதியே போய்விடும், அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க முடியாது. முதலிடம் உனக்குத்தான் என்று மாஸ்டர் அடித்துச் சொல்லியிருந்தார். இந்தப் பக்கம் ப்ராஜெக்ட் ஓடாவிட்டால் பட்டம் இல்லை. நான் அழுதுகொண்டே மைதானத்தை நிறுத்தினேன்.

மறுநாள் கொடுத்த கட்டு முதல் கார்டிலிருந்து கடைசிக் கார்டு வரை ஓடியது.

“பாத்தியா?” என்றார் துறைத் தலைவர்.

பார்த்தேன். வேறென்ன செய்வது? என் உடம்புதான் என் படிப்புக்கு எதிரி என்று முழுசாக நம்பிவிட்டேன். அணித் தேர்வு ஒரு சனிக்கிழமை. அடுத்த வாரம் ப்ராஜெக்டை மிஷினில் கடைசியாக ஒரு தடவை ஓட்டுவது பாக்கி இருந்தது. ஒரே ஒரு நாள் போய் எறிந்துவிட்டு வரலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த ஒரு நாள் வியர்வையில் கார்டு கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பயந்து, பவுடர் பூசின கையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை மாஸ்டர் கல்லூரி வாசலுக்கே வந்து, ஏன் வரவில்லை என்று கேட்டார்.

“கை ரொம்ப வேர்க்கறது சார்” என்றேன்.

“வேர்த்தா மண்ணுல தேச்சுக்கினு எறியறதுதானே! இதுக்கா வரல?” என்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஈட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொரு பெண்ணுக்கு வேண்டுமாம்.

பரீட்சை முடிவு வந்தது. வகுப்பில் நான்தான் முதல். அப்பா துறைத் தலைவரை வீட்டுக்கு டிபனுக்கு அழைத்தார். நான் காபி கொண்டுபோய் வைத்தபோது அவர் கேசரியை மென்றுகொண்டே அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

“என்ன சார், நம்ம ஈரம் நன்னா வேலை செஞ்சுதா?”

அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“என்ன ஈரம்?” என்றேன்.

“இனிமே சொன்னா என்ன, அதான் ஃபர்ஸ்ட் வந்துட்டாளே” என்றார் அப்பா.

துறைத் தலைவரே சொன்னார். நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, ரசித்து ரசித்துச் சொன்னார். மார்கழியில் அந்தக் கேண்டீனில்தான் அப்பா கேட்டிருக்கிறார், பெண்ணை மைதானத்திலிருந்து திருப்ப ஒரு வழி சொல்லுங்கள் என்று. வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டாள், அவளாகவே விடவேண்டும் என்று இவர் யோசனை சொல்லியிருக்கிறார். ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கிறார்.

“உன் கட்டை மிஷின் கிட்டக்கவே கொண்டு போகலைம்மா. அப்படியே அலமாரியில வெச்சிருந்து மறுநாள் குடுக்கச் சொன்னேன். நீ மைதானத்தை விட்டுட்டேன்னு அப்பா சொன்னப்புறம்தான் ஓட்டச் சொன்னேன்.”

“அப்போ என் கையில ஈரமே இல்லையா?”

“ஈரமாவது ஒண்ணாவது!”

நான் கத்தினேன். என் ஆயுசில் அப்படிக் கத்தினதில்லை. தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

“போகாதேன்னு நேரா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்பா! ஜெயிச்சிருப்பேன், இல்லே தோத்திருப்பேன். என் கையை நானே அருவருப்பாப் பாக்கும்படி பண்ணிட்டேளே! அரிசி டின்னுல கட்டைப் பொதைச்சப்போ பாத்துண்டுதானே இருந்தேள்?”

“இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?” என்றார் அப்பா. “உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்? பெரியவர் முன்னாடி இப்படியா பேசறது?”

துறைத் தலைவர் கேசரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அதற்குப் பிறகு நல்ல வேலை கிடைத்தது. முப்பது வருஷம் கம்ப்யூட்டரோடேயே குப்பை கொட்டினேன். என் கல்யாணத்தில் துறைத் தலைவர் மாப்பிள்ளை வீட்டாரிடம், “நான் உருவாக்கின பொண்ணு” என்றார். அப்பா போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மற்றவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: உங்க நல்லதுக்குத்தானே செஞ்சார், நீங்களும் நன்றாகத்தானே இருக்கிறீர்கள். இருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை நான் எறிந்திருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியாது. கடைசி இடம் வந்திருந்தாலும் பரவாயில்லை, அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.